டிரைவிங் ஷூ: கடலூர், புதுச்சேரிப் பக்கம் யார் வாங்குகிறார்கள், யாருக்குத் தேவை?

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் அப்பாவோடு செருப்புக் கடை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிரைவிங் ஷூ மார்க்கெட் வளர்கிறது என்று எங்கே பார்த்தாலும் அறிக்கை வருகிறது. ஆன்லைனில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட மாடல் கிடக்கிறது. நம் ஊரிலும் தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. ஆம்பூரில் கொடுத்து எங்கள் கடைப் பெயரிலேயே செய்து இறக்கலாம் என்று பார்க்கிறேன். போகுமா?"

நான் ஆம்பூரில் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில், ஷூவின் மேல்பாகம் செய்யும் அப்பர் பிரிவில் 9 வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு புதுச்சேரியில் சொந்தக் கடை. செய்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், விற்கிற இடத்திலும் நிற்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஷூ என்ற பெயரில் விற்பதை வாங்குகிறவர், பெரும்பாலும் வண்டி ஓட்டுவதற்காக அதை வாங்குவதில்லை. வண்டி ஓட்ட நல்ல ஷூ தேவைப்படுகிறவர் நம் பக்கம் நிறையவே இருக்கிறார். ஆனால் அவர் வாயில் அந்தப் பெயர் வராது. "கட் ஷூ இருக்கா?" என்று, லேஸ் இல்லாத ஷூவைத்தான் கேட்பார். இந்த இருவரையும் ஒரே ஆளாக நினைத்துச் சரக்கு எடுத்தால் போட்ட பணம் அலமாரியில் தூங்கும்.

அறிக்கைகளை வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்பேன். சுங்க வரி அட்டவணையில் டிரைவிங் ஷூவுக்கென்று தனித் தலைப்பே கிடையாது. மேல்பாகம் தோலாக இருந்தால் 6403, துணியாக இருந்தால் 6404, ரப்பர், பிளாஸ்டிக் என்றால் 6402. தோலில் செய்த ஆபீஸ் ஷூவும், லேஸ் இல்லாத மெல்லிய தோல் ஷூவான மொக்காசினும் ஒரே தலைப்பில்தான் போய் விழுகின்றன. எத்தனை ஜோடி டிரைவிங் ஷூ உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று இந்தத் தலைப்புகளிலிருந்து பிரித்து எடுக்க வழியில்லை. இத்தாலிய மொக்காசின், ரேஸ் ஓட்டுபவர் போடும் தீப்பிடிக்காத பூட், அதன் சாயலில் வரும் ஸ்னீக்கர் மூன்றையும் சேர்த்து எண்ணினால் ஒரு தொகை வரும், ஒன்றை விட்டால் இன்னொரு தொகை வரும். அந்தத் தொகைக்கும் லாரன்ஸ் ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குள் ஏறி வருகிறவருக்கும் தொடர்பு இல்லை.

அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் யார் எதற்கு வாங்குகிறார் என்பதும் புரியும். 1963-இல் இத்தாலியில் ஜியான்னி மொஸ்தீலே என்பவர் 'கார் ஷூ' என்று ஒரு மொக்காசினை உருவாக்கினார். ரேஸ் கார்மேல் தீராத ஆசை கொண்ட மனிதர். அடித்தோலில் துளை போட்டு, உள்ளிருந்து ரப்பர் குமிழ்கள் வெளியே துருத்தி நிற்கும்படி வைத்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குமிழ் பெடலைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் மெல்லியதாகவே இருக்கும், பாதத்துக்கு ஏற்றபடி வளையும். 1970-களின் கடைசியில் டாட்ஸ் நிறுவனத்தின் டியேகோ டெல்லா வாலே இதே வகையை 'கொம்மினோ' என்று கொண்டுவந்தார். அதன் அடியில் 133 குமிழ்கள். ஃபியட் முதலாளி ஜியான்னி அன்னெல்லி அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், கார் ஓட்டத் தோன்றிய ஷூ பணக்காரர்களின் விடுமுறைக்கால ஷூ ஆகிவிட்டது. 2001-இல் கார் ஷூ நிறுவனத்தையே பிராடா வாங்கிவிட்டது. ஆக, இந்த ஷூ வேலைக்கான பொருளிலிருந்து நாகரிகப் பொருளாக மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் 700 ரூபாய் ரெக்சின் டிரைவிங் ஷூ அதன் தூரத்துச் சொந்தம்.

இரண்டாவது கிளை ரேஸ் தடத்திலிருந்து வந்தது. ரேஸ் ஓட்டுபவரின் பூட்டுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8856-2018 என்ற தரச் சான்று உண்டு. தீயைத் தாங்க வேண்டும், சோல் பெடலை அப்படியே உணரவைக்க வேண்டும். ஸ்பார்கோ, ஆல்பைன்ஸ்டார்ஸ் போன்றவர்கள் செய்வது அது. அதன் வடிவத்தை எடுத்து பூமா 1999-இல் 'ஸ்பீட்கேட்' என்று சாதாரணமாக நடப்பவர்களுக்குக் கொடுத்தது. 2005-இலிருந்து ஃபெராரியோடு கூட்டு வைத்துக் குதிரை முத்திரையோடு விற்றது. நம் ஊர்க் கல்லூரிப் பையன்கள் 'ஃபெராரி ஷூ' என்று கேட்டு வந்ததெல்லாம் அந்த வழியில்தான். ஸ்பீட்கேட்டை 2024-இல் மறுபடி இறக்கினார்கள். தடித்த சோல் ஸ்னீக்கர் பார்த்துச் சலித்தவர்கள் மெல்லிய சோலுக்குத் திரும்பியதால் உலகம் முழுக்க அதைப்பற்றிப் பேச்சு வந்தது. இப்போது நீங்கள் படிக்கும் 'டிரைவிங் ஷூ ட்ரெண்ட்' கட்டுரைகளில் பல இந்த அலையைப் பார்த்து எழுதியவை. இந்த அலையில் வாங்குகிறவருக்கு லைசென்ஸ்கூட இருக்க வேண்டியதில்லை.

உண்மையான ரேஸ் பூட் வேண்டுகிறவர் நம் கடைக்கு வரமாட்டார். இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ கோவை கரி தடத்திலோ ஓட்டுபவர் தன் குழு சொல்லும் இடத்தில் வாங்கிக்கொள்வார். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடல் பக்கம் இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்ததும், 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததும் பையன்களுக்கு ரேஸ்மேல் புது ஈர்ப்பைக் கொடுத்தன. "ரேஸ் ஷூ மாதிரி" என்று கேட்பவர்கள் என் கடையில் கூடியிருக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, பக்கவாட்டில் கோடு இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இனி, ஓட்டுவதற்கு ஒரு ஷூ என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். அது தெரியாமல் நீங்கள் சரக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கார் ஓட்டும்போது வலது குதிகால் தரையில் ஊன்றி அச்சாணி மாதிரித் திரும்புகிறது. முன்பாதம் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறிப் போகிறது. ஷூ குதிகாலின் பின்விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்தத் திருப்பம் தடைபடும், உருண்டையாக இருந்தால் தடையில்லாமல் திரும்பும். சோல் தடித்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காலுக்குத் தெரியாது. பிரிட்டனில் ஓட்டுநர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, சோல் 10 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது என்பது. நம் கடைகளில் தொங்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ பலவற்றில் குதிகால் பக்கம் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். சோல் பக்கவாட்டில் அகலமாகப் பரவியிருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது ஓரம் ஆக்சிலரேட்டரிலும் படும். கடைசியாக, பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். காலை விட்டு நழுவக் கூடாது. இவ்வளவுதான். குமிழ் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

வாடிக்கையாளரின் பழைய ஷூவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் நாளையிலிருந்து ஆரம்பியுங்கள். வலது ஷூவின் பின்பக்கத் தோல், தரைக்கு மேலே ஓர் அங்குலத்தில், அரைநிலா வடிவத்தில் உரிந்து வெளுத்திருந்தால் அவர் தினமும் கார் ஓட்டுகிறவர். கார் மேட்டில் குதிகால் உராய்ந்து உராய்ந்து வரும் தேய்வு அது. இடது ஷூவின் மேல்பாகத்தில், கட்டைவிரலுக்கு மேலே, ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பாலிஷ் போய்க் குழி விழுந்திருந்தால் அவர் கியர் பைக். கியர் லீவரைக் கீழிருந்து தூக்கித் தூக்கி வருவது. இரண்டு அடையாளமும் இல்லாதவர் பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ வருகிறவர், அல்லது வெறுங்காலோடு கார் ஓட்டுகிறவர்.

அந்தக் கடைசி ஆளைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் பக்கம் கார் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர், ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். சிலருக்கு வண்டி சாமி மாதிரி, சிலருக்கு அதுதான் சௌகரியம். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. 2019-இல் புது மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்தபோது 'செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம்' என்று ஒரு வதந்தி பரவியது. அப்படி விதி எதுவும் இல்லை என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சர் அலுவலகமே விளக்கம் கொடுத்தது. உங்கள் கடையில் யாராவது 'போலீஸ் பிடிப்பாங்களா' என்று கேட்டால் அந்தப் பயத்தை வைத்து விற்காதீர்கள். ஆபத்து போலீஸில் இல்லை. கழற்றிப் போட்ட செருப்பு எங்கே கிடக்கிறது என்பதில் இருக்கிறது.

நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் காரில் வரும் ஒரு டீச்சர் என் கடைக்கு வந்தார். "அண்ணா, வெயிட் இல்லாத ஷூ ஏதாவது குடுங்க, வண்டியிலேயே கிடக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். தவளக்குப்பம் சந்திப்பில் முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றிருக்கிறது. இவர் பிரேக்கை மிதித்தால் பெடல் பாதியோடு நிற்கிறது. கழற்றிப் போட்ட செருப்பு உருண்டு பெடலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. இன்னும் பலமாக மிதித்ததில் செருப்பு நசுங்கி, வண்டி ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. அதைச் சொல்லும்போதே அவர் கை நடுங்கியது.

அவருக்கு நான் கொடுத்தது குமிழ் வைத்த மொக்காசின் அல்ல. மெல்லிய ரப்பர் சோல், பின்பக்கம் மூடிய, லேஸ் இல்லாத கேன்வாஸ் கட் ஷூ. விலை ஆயிரத்துக்குள். முட்டுக்கால் உயர ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் ஒரு ரப்பர் மேட் போட்டு, "டீச்சர், குதிகாலை எடுக்காம பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் மாத்திப் பாருங்க" என்றேன். நாலு ஜோடி மாற்றி ஐந்தாவதில் "இது" என்றார். அடுத்த மாதம் அவர் பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இந்த மேட் சோதனை இன்றுவரை எனக்குச் சரக்கு விற்றுக் கொடுக்கிறது. ஆன்லைன் கடையால் செய்ய முடியாத காரியமும் அது.

இந்தக் கூட்டம் வளர்வதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. 2014-இல் மாருதி செலேரியோ, தானாக மாறும் ஏ.எம்.டி. கியரோடு வந்தது. அதற்குப் பிறகு குறைந்த விலைக் காரிலும் கிளட்ச் இல்லாமல் ஓட்டலாம் என்றானது. "கிளட்ச் பயமா இருக்கு" என்று ஒதுங்கியிருந்த பெண்களும் ரிட்டயர் ஆனவர்களும் ஸ்டியரிங் பிடித்தார்கள். இடது காலுக்கு வேலை இல்லை, எல்லாச் சுமையும் வலது காலில். புடவைக்கோ சுடிதாருக்கோ பொருந்துகிற செருப்பு வேறு, ஓட்டுவதற்கான செருப்பு வேறு என்று இவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. ஆனால் டிரைவிங் ஷூ என்று கடைகளிலும் ஆன்லைனிலும் வருவது பெரும்பாலும் ஆண்கள் சைஸில். பெண்களுக்கு 4, 5, 6 சைஸில் மெல்லிய சோல், மூடிய குதிகால், 1,000 ரூபாய்க்குள் என்று தேடினால் எனக்கே மொத்தக் கடைகளில் இரண்டு மூன்று மாடல்தான் கிடைக்கிறது. நீங்கள் ஏதாவது புதிதாகச் செய்வதாக இருந்தால் இடம் இங்கே காலியாக இருக்கிறது.

டாக்ஸி ஓட்டுபவர்கள் வேறு கணக்கு. இரவில் சென்னை விமான நிலையம் போய்த் திரும்பும் டிரைவருக்கு மூடிய ஷூ வேண்டாம். கால் வேர்க்கும், நாற்றம் வரும். அவர் கேட்பது பின்பட்டி வைத்த ஃப்ளோட்டர்ஸ். சோல் மெல்லியதாக, பட்டி இறுக்கமாக இருந்தால் அதுதான் அவருடைய டிரைவிங் ஷூ. விலை 600, 700-ஐத் தாண்டினால் கீழே வைத்துவிடுவார். ஆனால் வருடத்துக்கு இரண்டு ஜோடி தேய்ப்பார். மாறாக, டீச்சர் போன்றவர் காருக்குள்ளேயே போட்டு வைக்கும் ஷூ நடந்து தேய்வதே இல்லை, நாலைந்து வருடம் கிடக்கும். மறுபடி வாங்க வருவது குறைவு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

காருக்குள் கிடக்கும் ஷூவுக்கு ஒரு எதிரி உண்டு, வெயில். மஞ்சக்குப்பத்தில் மே மாதம் மதியம் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டில், சோலை ஒட்டிய பசை இளகிவிடும். ஒட்டு மட்டுமே போட்ட சோல் முன்நுனியில் வாய் திறந்துகொள்ளும். ஆகவே பக்கத் தையல் போட்ட சோலாகப் பார்த்து எடுங்கள். விலை நூறு ரூபாய் கூடும், புகார் வராது.

இன்னொரு எதிரி நம் கடற்கரைக் காற்று. பி.யு. எனும் பாலியூரிதேன் சோல் ஈரப்பதத்தில் தானாகவே சிதையும். போட்டாலும் போடாவிட்டாலும் சில வருடத்தில் உள்ளிருந்து உதிரும். என் கடை மாடியில் பெட்டியோடு மறந்துபோன ஒரு செட் லோஃபரை, அதாவது லேஸ் இல்லாத ஷூவை, மூன்று வருடம் கழித்துத் திறந்தேன். மேல்தோல் புதிதாகப் பளபளத்தது. சோலைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. 12 ஜோடியும் அப்படியே. மெதுவாகப் போகும் சரக்குக்கு பி.யு. சோல் நம் பக்கம் ஆகாது. ரப்பரோ, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கான டி.பி.ஆரோ எடுங்கள். ஆஃபர் விலையில் பழைய சரக்கு தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் சோலை மடக்கிப் பாருங்கள்.

குமிழ் வைத்த மொக்காசினும் நம் ஊர் மழைக்குத் தோற்றுவிடும். துளை வழியாகக் குமிழை வெளியே இழுத்த அமைப்பில் நீர் உள்ளே கசியும். தார் ரோட்டில் தினமும் நடந்தால் குதிகால் பக்கத்துக் குமிழ்கள் சில மாதத்தில் மொட்டையாகும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீரில் நனைந்த சூயிட் தோல் மொக்காசின்களை எவ்வளவு காயவைத்தும் விற்க முடியவில்லை. ரப்பர் சோல் கேன்வாஸ் சரக்கை அலசி, உலர்த்தி, தள்ளுபடியில் தள்ளிவிட்டேன்.

பைக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார இறுதியில் ஈ.சி.ஆரில் வரும் ரைடர்கள் போடுவது ஈ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரத்துக்குச் செய்த பூட். கணுக்கால் காப்பு, கியர் உரசும் இடத்தில் தடித்த பட்டை, விலை 5,000-க்கு மேல். ராயல் என்ஃபீல்டு, ஒராசோ, கிளான் போன்ற பெயர்களைச் சொல்லித்தான் கேட்பார்கள். யூடியூபில் பத்து விமர்சனம் பார்த்துவிட்டு ஆன்லைனில் எடுப்பார்கள். அந்தச் சரக்கில் நீங்கள் இறங்க வேண்டாம். உங்கள் ஆள் கடலூர் சிப்காட்டுக்கும் நெய்வேலிக்கும் தினமும் கியர் பைக்கில் போகிறவர். கறுப்பு ஷூ வாங்கி நாலாவது மாதத்தில் இடது முன்பக்கம் கிழிந்து, தெருமுனையில் தைப்பவரிடம் தோல் ஒட்டுப் போட்டுக்கொள்கிறவர். இடது மேல்பாகத்தில் இரட்டைத் தோல் வைத்த ஷூ என்று ஒன்று 1,200 ரூபாய்க்குக் கிடைத்தால் அவர் வாங்குவார். அதுவரை கியர் லீவர் படும் இடத்தில் மாட்டும் ரப்பர் உறை ஒன்றை கல்லாப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நூறு, நூற்றைம்பதில் கேட்காமலே போகும் பொருள்.

விலை பற்றி ஒரு முக்கியமான மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாய் வரை 12, தாண்டினால் 18. இதில் அதிகம் லாபம் அடைந்தது 1,000 முதல் 2,500 வரையிலான சரக்கு. வரி சேர்த்து 1,999-க்கு விற்ற லோஃபரின் வரியில்லாத விலை 1,694. அதே விலைக்கு இப்போது 5 சதவீதம் போட்டால் 1,779. வாடிக்கையாளருக்கு 220 ரூபாய் மிச்சம். பெயருள்ள கம்பெனிகளின் டிரைவிங் லோஃபர் பெரும்பாலும் இந்த வரம்பில்தான் இருக்கிறது. முன்பு 999 என்ற சுவருக்குள் அடைக்க ரெக்சினும் மட்டமான இன்சோலும் போட்டுச் செய்தார்கள். இனி 1,500-இல் நல்ல தோலில் கொடுக்கத் தயாரிப்பாளருக்குத் தயக்கம் குறையும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இதில் வித்தியாசம் இல்லை, ஒரே வரி. 'பாண்டியில் விலை குறைவு' என்று யாராவது சொன்னால் அது கடைக்காரர் விட்டுக்கொடுத்த லாபம்தான்.

சைஸில் கவனம் வேண்டும். மொக்காசின் இறுக்கமாகப் பிடித்தால்தான் அழகு, ஆனால் நம் பாதம் முன்பக்கம் அகலம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 1,01,880 பேரின் பாதத்தை அளந்து 'பா' என்ற இந்திய சைஸ் முறையை உருவாக்கியது. இந்தியர் பாதம் அகலமானது என்பது அந்த ஆய்வில் வந்த முடிவு. ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் வடிவ அச்சை லாஸ்ட் என்போம்; இங்கிலாந்து சைஸில் ஒடுங்கிய லாஸ்டில் செய்த ஷூவில் கால் நுழையாது என்பதால் நம்மவர் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார். நீளம் கூடிப் பின்பக்கம் தளர்கிறது. நடக்கும்போது அது சமாளிக்கும். பெடலில் குதிகால் கழன்றால் ஆபத்து. ஆன்லைனில் வாங்கியது சரியில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதைத்தான். அகலமான லாஸ்டில் செய்யும் ஆளைத் தேடுங்கள்.

இனி ஆம்பூரில் சொந்தப் பெயரில் செய்வது. அங்கே கைவேலைக்குக் குறையே இல்லை. ஆம்பூர் சுற்றுவட்டக் கிராமங்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மொக்காசின் தைப்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். முன்பே துளையிட்ட தோலை முட்டிக்கிடையே இடுக்கிக்கொண்டு, மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தி, இரண்டு கையையும் விரித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க விரல் மடிப்பில் நூல் அறுத்த கோடு விழும், துணி சுற்றிக்கொண்டு தைப்பார்கள். ஐரோப்பாவின் கண்ணாடி அலமாரிக்குப் போகும் எத்தனையோ ஜோடிகளில் அந்தக் கைகளின் உழைப்பு இருக்கிறது. நீங்கள் செய்யக் கொடுத்தால் தையல் கூலியைக் குறைத்து விலையைக் குறைக்கும் யோசனை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தையல்தான் உங்கள் பொருள்.

செலவு அதிகமாவது சோலில். சொந்த வடிவம் வேண்டுமென்றால் ஒவ்வொரு சைஸுக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும், லட்சக்கணக்கில் போகும். சில நூறு ஜோடிக்கு அது கட்டுப்படியாகாது. சென்னை பெரியமேட்டில் தயார் சோல் கிடைக்கும். ஆக்ரா ஹிங் கி மண்டியில் இன்னும் அதிக வகை. அதில் 10 மி.மீ.க்குள், குதிகால் பின்பக்கம் வளைந்து மேலேறும் ரப்பர் சோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஏற்ற அப்பர் செய்யச் சொல்லலாம். 2024 ஆகஸ்ட் முதல் காலணிக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. செய்து தருகிறவர் ஐ.எஸ்.ஐ. உரிமம் உள்ளவரா, சிறு நிறுவன விலக்கில் வருகிறவரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2023-இல் ஒப்பந்தம் போட்டது. அது ஏற்றுமதி ஸ்போர்ட்ஸ் ஷூ, உங்களுக்கு நேரடியாக உதவாது. ஆனால் தையல், ஒட்டு தெரிந்த ஆட்கள் இனி கடலூருக்குப் பக்கத்திலேயே உருவாவார்கள். ஐந்து வருடம் கழித்துச் சொந்தப் பெயர் என்றால் ஆம்பூர்வரை போகாமலேகூட முடியலாம்.

இந்த வருடத்துக்கு என் யோசனை இது. சொந்தப் பெயர் வேண்டாம். ஆண்களுக்கு டிரைவிங் லோஃபர் இரண்டே செட்: பிரவுன் ஒன்று, நேவி ஒன்று. செட்டுக்கு 12 ஜோடி, 6-இல் ஒன்று, 7-இல் மூன்று, 8-இல் நாலு, 9-இல் மூன்று, 10-இல் ஒன்று. இதைக் கல்யாண முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் சட்டை பேண்ட்டோடு சேர்த்துப் போட வாங்குவார்கள். ஓட்டுவதற்கு என்று சொல்லி விற்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மெல்லிய சோல் கட் ஷூ மூன்று செட், 4 முதல் 7 வரை. இதில்தான் உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள். பக்கத்து டிரைவிங் ஸ்கூல்களில் பேசுங்கள். புதிதாக ஓட்டக் கற்கிறவர் முதல் நாள் என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று பயிற்சியாளரைத்தான் கேட்கிறார். கடையில் ஒரு மேட்டும் ஒரு தாழ்ந்த ஸ்டூலும் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தோல் சரக்கு இறக்காதீர்கள். கெடிலத்தில் தண்ணீர் ஏறினால் உங்கள் தெருவுக்கு என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். தை பிறந்ததும் எடுங்கள். அதற்கு முன் மூன்று மாதம், கடைக்கு வருகிறவர்கள் கழற்றி வைக்கும் வலது ஷூவின் குதிகாலைப் பார்த்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், ஆண் தனி, பெண் தனி, சைஸ் தனி. தை மாதம் எத்தனை செட் என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் மேலே சொன்ன எண்ணிக்கையோடு அது ஒத்துவராவிட்டால் நோட்டையே நம்புங்கள், அது உங்கள் தெரு.